நிழற்படத்தில் உருவம் பிரித்தல்

பலர் கூடி நிற்குமிடத்து அவருள் ஒருவரைக் கண்ணாற் பிரித்தறிதல் எவர்க்கும் எளிது. கைக்குழந்தையும் கூட்டத்திடையே தன் தாயைக் கண்டுகொள்ளும். ஆயின், அக்கூட்டத்தின் நிழற்படத்தினின்று அவ்வொருவர் உருவத்தை மட்டும் மயிரிழையும் பிசகாது வெட்டியெடுத்து வேறொரு தளத்தில் வைக்குமாறு கேட்பின், நன்கு பயின்ற கையும் சற்றே தயங்கும். கணினியும் அதனுள் இயங்கும் படத்திருத்தச் செயலிகளும் இத்துணைப் பெருகிய இந்நாளில் இஃதென்ன பெருங்காரியமோ என்று வினவுவார் உளர். யாமும் சென்ற கோடை விடுமுறை வரையில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் மாறிய வகையையும், அத்தொழிலைப்பற்றி யாம் அறிந்தவற்றையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

சென்ற மே மாதத்தில் எம் தந்தையாரைப் பெற்ற ஆச்சி தமது தொண்ணூற்றோராம் வயதிற் காலமானார். அடக்கம் முடிந்த மறுநாள், நினைவுக் கூட்டத்திற்கு அட்டை அச்சிட வேண்டுமென்று பெரியோர் முடிவு செய்தனர். அட்டைக்குப் படம் வேண்டுமே! போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்னும் பழைய எண்ணம் ஆச்சிக்கு இறுதிவரை நீங்கவில்லை. காமிராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். ஆதலின், அவர் நிமிர்ந்து நோக்கிய படம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. 2019-ஆம் ஆண்டில் எம் உறவினர் திருமணத்தன்று வீட்டு முற்றத்தில் கைப்பேசியால் எடுக்கப்பெற்ற குழுப்படம் அது. பின்புறம் பச்சை வண்ணம் பூசிய சுவர். ஆச்சியின் வெண்மயிர் எண்ணெய் காணாது காற்றிற் பறக்கின்றது. விழுந்துவிடாதபடி எம் சித்தப்பா தம் கையை அவர் இடத்தோளின்மேல் வைத்திருக்கின்றார். அக்கையின் நான்கு விரல்கள் வெள்ளைச் சீலையின்மேற் படிந்துள்ளன.

இன்னொன்றும் கூறவேண்டும். ஆச்சிக்குச் சிறுவயதிற் பாம்படம் அணிவித்துக் காது வடித்திருந்தனர். பின்னாளில் அவர் அப்பாம்படத்தை விற்று, எம் அத்தையாரை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார். அன்றுமுதல் அவ்வடிகாது அணியின்றித் தோளளவும் வெறிதே தொங்கிற்று. படத்தில் வலக்காது நன்றாய்த் தெரிகின்றது. நூல்போன்ற தசைவளையம், அவ்வளையத்தின் நடுவே பச்சைச் சுவர்.

‘கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை’ என்று வேலை எம்மிடம் வந்தது. ஒரே அழுத்தில் உருவத்தைப் பிரித்துத் தரும் செயலியொன்று எம்மிடம் இருந்தது. அழுத்தினோம், ஐந்து நொடியில் ஆச்சி சுவரைவிட்டு நீங்கி வெளியே வந்தார். இளநீலத் தளத்தின்மேல் வைத்து, எவ்வளவு விரைவு என்று எம்மையே மெச்சிக்கொண்டு, அத்தையாரிடம் காட்டினோம். அவர் படத்தை நெடுநேரம் நோக்கினார். பின்பு, “ஏலே, அம்மைக்குக் காதை எங்கலே?” என்றார்.

அப்போதுதான் யாமும் பார்த்தோம். வடிகாதின் வளையம் அடியோடு வெட்டுண்டு போயிருந்தது. தலைமயிரோ தலைக்கவசம் கவிழ்த்தாற்போல வழவழவென்று முடிந்திருந்தது. தோளின்மேல் உரியவரின்றி நான்கு விரல்கள் மட்டும் எஞ்சியிருந்தன.

நிற்க. நிழற்படம் என்பது கணினிக்கு யாது என்பதை முதற்கண் நோக்குவாம். நமக்கு அது ஆச்சி. கணினிக்கோ எண்கள் நிரம்பிய கட்டம். நீளத்தில் 4000 புள்ளிகளும் அகலத்தில் 3000 புள்ளிகளும் உடைய படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. இப்புள்ளியைப் பிக்ஸல் என்பர். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்கட்கு மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரையில் அமையும். மூன்றும் 0 எனின் கருமை, மூன்றும் 255 எனின் வெண்மை. இப்புள்ளி ஆச்சியது, இப்புள்ளி சுவரது என்னும் குறிப்பு அதனுள் எவ்விடத்தும் இல்லை. ஆகவே, உருவம் பிரித்தலாவது தாளைக் கத்தரித்தல்போல ஒரு கோட்டின்வழியே வெட்டிச் செல்லுதலன்று. ஒவ்வொரு புள்ளியையும் நோக்கி, ‘இஃது உருவத்தைச் சேர்ந்ததோ, அன்றோ?’ என வினவி, அதன் விடையை எழுதிவைத்தலேயாம்.

அவ்விடையை எங்கே எழுதுவது? முன்சொன்ன மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்து அதில் எழுதுவர். இதற்கு ஆல்ஃபா என்று பெயர். 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித், எட் காட்மல் என்னும் இருவர் இதனைக் கண்டனர். பின்பு 1984-ஆம் ஆண்டில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சார்ந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்போர், ஒரு படத்தின்மேல் மற்றொரு படத்தை ஆல்ஃபாவைக்கொண்டு படிய வைத்தற்குரிய விதிகளை வகுத்து வெளியிட்டனர். ஆல்ஃபா 0 எனின் அப்புள்ளி முற்றும் ஒளி ஊடுருவுவது, அஃதாவது உருவத்தைச் சேராதது. 255 எனின் முழுதும் உருவத்தைச் சேர்ந்தது.

சேர்ந்தது, சேராதது என்னும் இரண்டே போதுமெனின் 0, 1 என்னும் இரண்டு எண்களே அமையுமன்றோ? இடையில் இத்தனை படிகள் எற்றுக்கு? இவ்வினாவே இத்தொழிலின் உயிர்நிலை. எம் முதல் முயற்சி கெட்டதும் இதனை உணராமையாலேயாம்.

ஒரு மயிரிழை படத்தில் ஒரு புள்ளியினும் மெல்லியதாய் இருத்தல் கூடும். அவ்வழி அப்புள்ளியினுள் காற்பங்கு மயிரும் முக்காற்பங்கு சுவரும் விழும். காமிரா அவ்விரண்டையும் கலந்து ஒரே நிறமாக எழுதிவிடும். அப்புள்ளி யாருடையது? ஆச்சியுடையது என்று முழுதும் கொள்வோமாயின் பச்சைச் சுவரின் துணுக்கு அவர் தலையில் ஒட்டிக்கொண்டு வரும். சுவருடையது என்று தள்ளுவோமாயின் மயிர் மழிக்கப்படும். இரண்டும் பிழை. அது காற்பங்கு ஆச்சியுடையது, அவ்வளவே உண்மை. தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. நெடில் இரண்டு மாத்திரை, குறில் ஒன்று, மெய்யும் குற்றியலுகரமும் அரை, மகரக்குறுக்கம் கால் என்று நம் இலக்கணநூலார் அளந்தனர். குறுகிய உகரத்தை உகரமே அன்று எனத் தள்ளினாரல்லர். முழு உகரமாகவும் கொண்டாரல்லர். இதழ் குவியாது ஒலிக்கும் அவ்வரை மாத்திரையை அரையாகவே கண்டு பெயருமிட்டனர். ஆல்ஃபா என்பதும் ஒவ்வொரு புள்ளிக்கும் இட்ட மாத்திரையே. வகுப்பில் யாம் இவற்றை உருப்போட்டபோது, இவை கணினித்திரையில் எமக்கு எதிர்ப்படும் என்று கனவிலும் நினைத்தோமில்லை.

ஆயின் அம்மாத்திரையைக் கண்டுபிடித்தல் அரிது. எண்ணால் விளக்குவாம். சிவப்பு நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்க. ஆச்சியின் வெண்மயிரில் அது 220 என்றும், பச்சைச் சுவரில் 60 என்றும் வைத்துக்கொள்வோம். கால் மயிரும் முக்கால் சுவரும் கலந்த புள்ளியில் 55-உம் 45-உம் கூடி 100 ஆகும். சரி, படத்தில் 100 என்று காணும் நாம் அது கால் மயிர் என்று எவ்வாறு துணிவது? நிழல் படிந்த மயிர் 140 ஆயிருந்து, அதிற் பாதியும் சுவரிற் பாதியும் கலந்திருப்பினும் 70-உம் 30-உம் கூடி அதே 100 வருமன்றோ? மூன்று நிறங்கட்குமாக நம் கையில் உள்ள எண்கள் மூன்று. அறிய வேண்டுவனவோ ஏழு: உருவத்தின் நிறம் மூன்று, பின்புறத்தின் நிறம் மூன்று, ஆல்ஃபா ஒன்று. மூன்று சமன்பாடுகளைக்கொண்டு ஏழு அறியாக்கணியங்களைக் காண்டல் இயலாதென்பது பள்ளிப்பிள்ளையும் அறிந்த கணக்கு. எனவே எந்தச் செயலி ஆயினும், எத்துணை விலையுடையதாயினும், விளிம்பிடத்து ஊகித்தே தீரும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளை நோக்கி, இங்கே மயிரின் நிறம் இதுவாதல் வேண்டும், சுவரின் நிறம் இதுவாதல் வேண்டும் என்று முதலில் ஒரு துணிபு கொண்டு, பின்னரே கணக்கிடும். ஊகம் நன்றாயின் படம் நன்றாம்.

திரைப்படம் எடுப்போர் நீலத் திரைக்கும் பச்சைத் திரைக்கும் முன்னே நடிகரை நிறுத்தும் காரணம் இதுவே. பின்புறத்தின் நிறம் முன்னரே தெரிந்துவிடுமாயின் ஏழு நான்காகக் குறையும். அப்போதும் ஒன்று மிகும். 1996-ஆம் ஆண்டில் முற்கூறிய ஸ்மித் என்பவரும் ஜேம்ஸ் பிளின் என்பவரும் இதற்கு அழகிய வழியொன்றை எடுத்துக்காட்டினர்: ஒரே பொருளை அசையாது வைத்து, நிறந்தெரிந்த இருவேறு திரைகளின் முன்னே இருமுறை படம் எடுத்தால் சமன்பாடுகள் ஆறாகும், அறியவேண்டுவன நான்கே, ஊகத்திற்கு இடமேயில்லை. ஆனால் அசையாப் பொருளுக்கே அது பொருந்தும். ஒரு முறை நிமிர்ந்து நோக்கியதே அரிதாய ஆச்சிக்கு அவ்வழி ஏது?

கணினி தோன்றுதற்கு முன்னரும் இத்தொழில் உண்டு. 1857-இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்னும் நிழற்படக் கலைஞர், முப்பதுக்கு மேற்பட்ட கண்ணாடி நெகடிவ்களினின்று உருவங்களைத் தனித்தனியே ஒரே தாளில் ஏற்றி, பலர் கூடிய பெரும்படம் ஒன்றைச் செய்து மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். ஒவ்வோர் உருவத்தையும் ஏற்றுங்கால் மற்றை இடங்களில் ஒளி படாதபடி மறைத்தல் வேண்டும். இன்று மாஸ்க் என்று செயலியில் நாம் அழுத்தும் சொல், முன்னோர் கையாற் செய்த அம்மறைப்பின் பெயரேயாகும். விக்டோரியா மகாராணியார் அப்படத்தின் பிரதி ஒன்றை விலைகொடுத்து வாங்கினார்.

இனிச் செயலிகளில் உள்ள கருவிகளைக் கூறுவாம். 1990-இல் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் ஆக்கிய போட்டோஷாப் வெளிவந்தது. 1996-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் இருவர் ஆக்கிய ஜிம்ப் வெளிவந்தது. பின்னது விலையின்றிக் கிடைப்பது, மாணவர்க்கு உரியது, யாம் பயன்படுத்துவதும் அதுவே. இரண்டிலும் லாசோ என்னும் சுருக்குக் கயிறு உண்டு. கையால் உருவத்தைச் சுற்றி வரைதற்குரியது. கை நடுங்கினால் கோடும் நடுங்கும். விரித்துச் சொல்ல வேறொன்றுமில்லை. மந்திரக்கோல் என்பது ஒரு புள்ளியைத் தொட்டவுடன் அதனையொத்த நிறமுடைய அண்டைப் புள்ளிகளையெல்லாம் திரட்டும். எவ்வளவு ஒத்திருத்தல் வேண்டும் என்பதை நாமே எண்ணாற் குறிக்கலாம். வெறுஞ்சுவருக்கு அது மந்திரமே. வெள்ளைச் சீலையும் வெள்ளைச் சுவருமாயின் மந்திரம் பலியாது. சீலை வழியாகச் சுவருக்குள்ளும் சுவர் வழியாக வானத்துக்குள்ளும் பாய்ந்துவிடும்.

இவ்விரண்டினும் நுண்ணிய கருவி, எரிக் மார்ட்டென்சன், வில்லியம் பேரெட் என்போர் 1995-இல் வெளியிட்ட அறிவுக் கத்தரி. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லக் குறைந்த செலவுடைய வழியைக் காண்பதற்கு 1959-இல் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் ஒரு முறையை வெளியிட்டார். அதனையே இவர்கள் படத்திற் பயன்படுத்தினர். நிறம் சட்டென மாறுமிடங்களைச் செலவு குறைந்த சாலை என்றும், நிறம் மாறாது பரந்த இடங்களைச் செலவு மிக்க காடு என்றும் கொள்க. உருவத்தின் விளிம்பில் இரண்டிடங்களை நாம் தொட்டால், கருவி சாலை வழியே, அஃதாவது விளிம்பு வழியே, தானே ஓடி இரண்டையும் இணைத்துவிடும். 2004-இல் ரோதர், கோல்மகோரோவ், பிளேக் என்னும் மூவர் கண்ட முறையோ கோடு வரையும் வேலையையே குறைத்தது. உருவத்தைச் சுற்றி ஒரு கட்டம் இட்டால் போதும். அண்டைப் புள்ளிகளை இழைகளால் முடைந்த வலையாகக் கருதி, எங்கே அறுத்தால் அறும் இழைகளின் வலிமை மிகச் சிறிதாகுமோ அங்கே அச்செயலி வலையை அறுக்கும்.

எமக்கு மிக உவந்த கருவி பென் என்பது. அது படத்தை நோக்காது. நம் கண்ணையே நம்பும். பிரான்ஸ் தேசத்தில் மோட்டார் வண்டிகளின் வளைந்த உடலை வரைதற்பொருட்டு, சிட்ரோவன் தொழிற்சாலையில் டி காஸ்டல்ஜோ என்பவரும் ரெனோ தொழிற்சாலையில் பெஸியே என்பவரும் தனித்தனியே கண்ட வளைகோட்டுக் கணக்கே இதன் அடிப்படை. ஆணி அடித்தாற்போலச் சில புள்ளிகளை ஊன்றி, ஒவ்வொன்றிலும் இருபுறமும் நீளும் கைப்பிடிகளை இழுத்தால் கோடு வில்லாக வளையும். புதிதாய்ப் பயில்வார் ஆணிகளை நெருக்க நெருக்க அடிப்பர். அதனால் கோடு கரடுமுரடாகும். வளைவு திசைமாறும் இடத்தில் மட்டும் ஆணி ஊன்றுதலே நெறி.

இயந்திரங்கள் தாமே கற்கும் முறைமை பிற்காலத்தது. 2018-இல் போட்டோஷாப்பில் ஒரே அழுத்தில் உருவத்தைத் தெரிந்தெடுக்கும் கருவி சேர்ந்தது. 2023-இல் மெட்டா நிறுவனத்தார், 1 கோடியே 10 லட்சம் படங்களில் 100 கோடிக்கு மேற்பட்ட மறைப்புகளைக் காட்டிப் பயிற்றிய செயலியை வெளியிட்டனர். படத்தினுள் மனிதர், குடம், ஆடு என்னும் வேறுபாட்டை இவை ஏறத்தாழ நம்மைப்போலவே உணர்கின்றன. முன்னைக் கருவிகட்கு இல்லாத பேறு இது. எனினும் ஒரு குறையுண்டு. இத்தகைய செயலிகள் பல, படத்தை முதலிற் சுருக்கி நோக்குவன. மெட்டாவின் அச்செயலி தன் விடையை 256-க்கு 256 புள்ளிகளில் எழுதிப் பின்னரே பெரிதாக்கியது. அவ்வாறு சுருங்குமிடத்து நூல்போன்ற பொருளும் ஊசிக்கண் போன்ற துளையும் மறைந்துபோம். எம்மிடமிருந்த செயலி எதனால் வளையத்தை விட்டதென்று எம்மாற் பிளந்து காட்ட இயலாதாயினும், நூல்போன்றதும் துளையுடையதும் ஆகிய வடிகாது அதற்கு அரியதோர் இலக்கென்பதில் ஐயமில்லை. நம் கல்லூரி விழாத் தட்டிகளில் தலைவர்களின் தலையைச் சுற்றி வெண்கோடு ஒன்று ஒளிவட்டம்போல் ஓடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதுவும் விளிம்பைக் கவனியாத பிழையே.

அன்றிரவு வேலையை மறுபடி தொடங்கினோம். முதற்காரியமாக, எதனையும் அழிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பின்புறத்தை ரப்பர்க் கருவியால் அழித்துவிட்டால், தவறாக அழிந்த காதை மீட்க வழியில்லை. அதற்குமாறாக, லேயர் மாஸ்க் என்னும் மறைப்பைப் படத்தின்மேல் இட்டால், கறுப்புத் தீட்டிய இடம் மறையும். வெள்ளை தீட்டிய இடம் தோன்றும். சாம்பல் தீட்டிய இடம் அந்த அளவுக்கு மெல்லெனத் தோன்றும். சாம்பலே முன்சொன்ன அரை மாத்திரையும் கால் மாத்திரையும். மறைந்ததெல்லாம் அடியில் அப்படியே இருக்கும்.

தோளும் சீலையும் பென் கருவியால் விரைவில் முடிந்தன. வடிகாதுக்குப் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினோம். வளையத்தின் புறக்கோடு ஒன்று, அகக்கோடு ஒன்று. அகக்கோட்டை முன்னதினின்று கழித்தல் வேண்டும். இன்றேல் துளையினூடே பச்சைச் சுவர் எஞ்சும். பெரிதாக்கிப் பார்த்தபோது அவ்வளையத்தின் அடியில், பாம்படத்தின் பாரம் இழுத்த இடம், சற்றே தடித்திருக்கக் கண்டோம். இத்தனை ஆண்டு மடியிற் கிடந்து விளையாடியும் யாம் அதனைக் கண்டதில்லை.

தலைமயிருக்குப் பென் உதவாது. ஓராயிரம் இழைக்கும் கோடு வரைவார் யார்? அதற்கு ஓர் உபாயம். படத்தின் மூன்று நிறங்களையும் தனித்தனியே கறுப்பு வெள்ளையாகப் பார்க்கலாம். பச்சைச் சுவர் சிவப்புத் தளத்தில் இருண்டு தோன்றும். வெண்மயிரோ எத்தளத்திலும் வெண்மையே. ஆதலின் சிவப்புத் தளத்தைப் படியெடுத்து, இருண்டதை மேலும் இருளாக்கி, ஒளிர்ந்ததை மேலும் ஒளிரச் செய்தால், அப்படியே மறைப்பாக அமையும். ஒவ்வோரிழையும் தன் அளவுக்குத் தக்க சாம்பலைத் தானே பெற்றுவிடும். முகத்தின் உட்பகுதியில் எஞ்சிய கருமையைத் தூரிகையால் வெள்ளையாக்கிவிட்டால் போதும். இங்கே மிகைப்படுத்துதல் கூடாது. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே எஞ்சும்வரை அழுத்தினால், சாம்பல் ஒழிந்து, மீண்டும் தலைக்கவசமே வந்து சேரும். யாம் இருமுறை அவ்வாறு கெடுத்து மூன்றாமுறை தேறினோம்.

இழைகள் வந்தன, உடன் பச்சையும் வந்தது. காற்பங்கு மயிரான புள்ளியின் நிறத்தில் முக்காற்பங்கு சுவரின் பச்சை கலந்திருக்குமன்றோ? ஆல்ஃபா சரியாயினும் நிறம் சரியாகாது. இளநீலத் தளத்தின்மேல் ஆச்சியின் தலையைச் சுற்றிப் பாசி படர்ந்தாற்போலிருந்தது. அண்டையிலுள்ள தூய வெண்மயிரின் நிறத்தை எடுத்து, விளிம்பு இழைகளின் நிறத்தை மட்டும் மாற்றும் வகையில், மெல்லத் தீட்டினோம். பின்பு கறுப்பு, வெள்ளை, நடுத்தரச் சாம்பல் ஆகிய மூன்று தளங்களிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தோம். ஒரு தளத்தில் ஒளிந்த பிழை மற்றொன்றில் வெளிப்படும்.

விளிம்பை மென்மையாக்கும் ஃபெதர் என்னும் கருவியைப் பலர் உருவம் முழுமைக்கும் ஒரே அளவில் இடுவர். அது தகாது. காமிரா கூர்ந்து நோக்கிய முகத்தின் விளிம்பு கூரியது. சற்றுப் பின்னே சென்ற தோளின் விளிம்பு இயல்பாகவே மங்கியது. படத்தில் உள்ளவாறே அவ்வவ்விடத்திற்கு ஏற்ற மென்மை வேண்டும்.

எஞ்சியது விரல்கள். இங்கேதான் எம் மனம் மிகவும் தடுமாறிற்று. சித்தப்பாவின் கையை மறைத்துவிட்டால் அவ்விடத்தில் ஒன்றுமிராது. ஏனெனின், விரல்களின் அடியில் இருந்த சீலையைக் காமிரா காணவேயில்லை. வலத்தோளின் சீலை மடிப்பைப் படியெடுத்துத் திருப்பி இடத்தோளில் ஒட்டினோம். கண்டவர் எவரும் வேறுபாடு காணார். எனினும், அவ்வளவு சீலை யாம் நெய்தது, ஆச்சி உடுத்ததன்று. அன்றியும், அப்படத்தில் அவர் தாமே நிமிர்ந்து நிற்பதாகத் தோன்றுகின்றது. உண்மையில் மகன் தாங்கவே நின்றார். நினைவு அட்டைக்கு இஃது ஆகுமென்றே கொண்டோம். இதே தொழிலைக்கொண்டு பெருங்கொடுமை மறைத்தோரும் உளர். 1937-இல் மாஸ்கோ–வோல்கா கால்வாயின் கரையில் ஸ்டாலினோடு நின்று படமெடுத்துக்கொண்ட யேசோவ் என்பவர் 1940-இல் கொல்லப்பட்டார். அதன்பின் அப்படத்தில் அவர் நின்றவிடத்தில் நீர் மட்டுமே தெரியுமாறு செய்தனர். அந்நீரும் எவரோ ஒருவர் தூரிகையால் நெய்ததே. எம் சித்தப்பாவிடம் நிகழ்ந்ததைச் சொல்லிவிட்டோம். அவர் நகைத்து, “என் கை எதுக்கு, ஆச்சி முகம் போதும்” என்றார்.

அச்சுக்கு அனுப்புங்கால் கவனிக்க வேண்டுவன இரண்டு. ஜேபெக் என்னும் கோப்பு ஆல்ஃபாவை ஏற்காது. அதிற் சேமித்தால் மறைந்த இடமெல்லாம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடும். பிஎன்ஜி அல்லது டிஃப் கோப்பில் அனுப்புக. மற்றொன்று அளவு. நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். குழுப்படத்தில் ஆச்சியின் முகம் 400 புள்ளி அகலமே இருந்தது. ஆதலின், அட்டையில் அஃது ஓர் அங்குலமும் மூன்றில் ஒரு பங்குமே ஆகலாம். பெரிதாய்ப் போடச் சொன்ன உறவினரை இக்கணக்கைக் காட்டியே அடக்கினோம்.

விடியற்காலை நான்கு மணியளவில் வேலை முடிந்தது. அச்சகத்திலிருந்து அட்டைகள் வந்தபோது அத்தையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை, முதலிற் காதைத்தான் பார்த்தார். பின்பு கட்டிலிருந்து இன்னும் மூன்று அட்டைகளை எடுத்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார்.